பரணிலிருந்து வாசல் வரை: வீட்டுச் சாமானைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் பழைய வீட்டை விட்டு இரண்டறை அடுக்குமாடிக்குப் போகிறவர்களுக்கும், வீடு மாறாமலே சாமான் சுமையைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் எழுதியது இது. சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் வீடு காலி செய்தபோது கூடவே நின்று செய்த வேலையிலிருந்து சொல்கிறேன். எளிமையாக வாழ்வது ஏன் நல்லது என்பதற்குள் போகவில்லை. அந்த முடிவுக்கு வந்துவிட்டவர்கள்தான் இதைப் படிப்பார்கள்.

பலர் பாதியில் நின்றுபோவது மனம் வராததால் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை வரிசை தப்புவதால்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பரணை மொத்தமாக இறக்கிக் கூடத்தில் பரப்புவார்கள். எது யாருக்கு, எது எங்கே என்று தெரியாது. சாயங்காலம், மழை வருகிறதென்று களத்து நெல்லை வாருவதைப் போல எல்லாவற்றையும் வாரி மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு யாரும் பரண் பக்கம் போக மாட்டார்கள்.

ஆகவே ஒரே ஒரு விதி: போகும் இடம் முடிவாகாத பொருளைப் பரணிலிருந்து இறக்கக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியைக் காப்பாற்றத்தான்.

முன்கூட்டித் தேவைப்படுபவை

ஒரு கோடு போட்ட நோட்டு, காலி அரிசிச் சாக்குகள், சணல், ஒரு காந்தம், கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் கைத்தராசு, முகத்தை மூடத் துணி, ஆடாத ஏணி, அந்த ஏணியைப் பிடிக்க ஓர் ஆள். இவ்வளவு போதும்.

புதிதாக மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி வந்து வேலையைத் தொடங்குகிறவர்கள் உண்டு. அது சாமானைக் குறைக்கும் வேலை ஆகாது, அடுக்கும் வேலைதான். சாமான் போன பிறகு எத்தனை பெட்டி தேவை என்று பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒன்றும் தேவைப்படாது.

1. மாதத்தையும் கிழமையையும் முதலில் குறியுங்கள்

ஆடி மாதம் இதற்கு ஏற்றது. கல்யாணம், கிரகப்பிரவேசம் இல்லாததால் சொந்தக்காரர்களுக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் விடுமுறை மிஞ்சும். ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆடியில் ஒழித்து, ஆவணியில் குடிபோவது இயல்பான கணக்கு. ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் வீட்டை நிரப்பக் கூப்பிடுவதும் அதே மாதத்தில்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். இங்கே வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மொட்டை மாடியில் வைத்த மரமும் துணியும் ஒரே இரவில் வீணாகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்கள் வேண்டாம். ஊரே வெள்ளையடித்து ஒழிக்கும் நேரம் அது. பழைய சாமான் கடைக்காரர் உங்களுக்கு நின்று பதில் சொல்ல மாட்டார்.

செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து பொருளை வெளியே அனுப்பாதீர்கள். எந்தக் கிழமையிலும் விளக்கு வைத்த பிறகு அனுப்பாதீர்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும். குடத்தைத் தூக்கும் நேரத்தில் ‘வெள்ளிக்கிழமையும் அதுவுமாக’ என்று ஒரு குரல் எழுந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. அந்த இரு நாட்களைக் காகிதம் பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சி கோயிலைச் சுற்றிய மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் வீடு என்றால் வண்டிக்கும் நாள் பார்க்க வேண்டும். சில சந்துகளில் ‘குட்டியானை’ என்கிற சிறிய சரக்கு வண்டிகூட நுழையாது; அதிகாலையில் வீதி முனையில் நிறுத்தி ஆள் வைத்துத்தான் தூக்க வேண்டும். ஆவணி மூலத் திருவிழாவில் சுவாமி புறப்பாடு இருக்கும் நாட்களிலும், சித்திரையில் தேரோட்டத்தையொட்டிய நாட்களிலும் வண்டி பேசாதீர்கள்.

2. உரிமை உள்ளவர்களைக் கேளுங்கள்

பொருளைத் தொடுவதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகள், வெளியூரில் இருக்கும் தம்பி, அம்மா உயிரோடு இருந்தால் அம்மா, எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த வீட்டில் உனக்கு வேண்டும் என்று நினைப்பது எது?” பட்டியல் படித்துக் காட்டாதீர்கள். பட்டியல் காட்டினால் எல்லாமே வேண்டும் என்பார்கள். நினைவிலிருந்து கேட்டால் இரண்டோ மூன்றோதான் வரும். அவைதான் உண்மையில் வேண்டியவை.

சொன்னதை நோட்டில் எழுதுங்கள். எடுத்துப்போக ஒரு கடைசித் தேதி சொல்லுங்கள். தேதி சொல்லாவிட்டால் ‘என் பங்கு உன் வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று ஆகிவிடும். பிறர் பொருளுக்குக் காவல் இருப்பது போல வீட்டை நிரப்பும் காரியம் வேறில்லை.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். மறு வருடம் ஏதோ ஒரு காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, “அம்மாவோட அந்த வெண்கலப் பானை எங்கே மதினி?” என்று கேள்வி வரும். பானை எடைக்குப் போயிருக்கும். பதில் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் வீட்டுக்கு வந்த பெண். ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்க்கக்கூடிய சண்டை அது.

3. காகிதத்தை முதலில் பிரியுங்கள்

பாத்திரம் தவறிப் போனால் வேறு வாங்கலாம். தாய்ப்பத்திரம் தவறிப் போனால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், நகல் எடுக்க அலைச்சல் என்று மாதங்கள் ஓடும். ஒழிக்கும் பரபரப்பு தொடங்கிவிட்டால் காகிதங்கள் பழைய பேப்பரோடு கலந்துவிடும். அதனால்தான் இது முதலில்.

ஒரே ஒரு டிரங்குப் பெட்டியையோ பையையோ ‘போகாதவை’ என்று ஒதுக்குங்கள். பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, பிறப்பு இறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, கல்விச் சான்றுகள், காப்பீட்டுப் பத்திரம், அடகு ரசீது, கேஸ் இணைப்பு வாங்கியபோது தந்த சந்தா வவுச்சர் எல்லாம் அதற்குள். அந்த வவுச்சர் சாதாரணமாகத் தெரியும். இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது முன்பணம் வாங்க அதுதான் ஆதாரம்.

கரையான் அரித்த பழைய பாஸ்புக்கைத் தூக்கி எறியாதீர்கள். பத்து ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்குகளின் பணம் ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் நிதிக்கு மாறிவிடும். ஆனாலும் கணக்குதாரரோ வாரிசோ அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். கணக்கு எந்த வங்கியில் இருந்தது என்று தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பாஸ்புக் கையில் இருந்தால் அந்தத் தேடலும் மிச்சம்.

மொய் நோட்டு: இதற்குத் தனியாக ஒரு வரி வேண்டும். மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கத்தில் மொய் நோட்டு நினைவுப் பொருள் இல்லை, கடன் பேரேடு. யார் வீட்டுக்கு எவ்வளவு செய்முறை (விசேஷத்துக்கு வைக்கும் பணமும் பொருளும்) திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது. அட்டை கிழிந்து, மஞ்சள் கறை படிந்து, குப்பை போலவே இருக்கும். பத்திரப் பெட்டியில்தான் அது இருக்க வேண்டும்.

மீதிக் காகிதத்தில் ஆதார் நகல், வங்கி அறிக்கை போன்றவற்றைக் கிழித்துப் போடுங்கள். எடைக்குப் போகும் காகிதம் கடைசியில் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது டீக்கடையில் வடை வாங்கி, மடித்துத் தந்த தாளைப் படித்துப் பாருங்கள்.

4. போகும் இடங்களைப் பேசி வையுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, வாங்கப்போகிறவர்களை எழுதுங்கள்: எடைக்கு வாங்கும் பழைய இரும்புக் கடை, பாத்திரக் கடை, மரச்சாமான் வாங்குபவர், துணி வாங்கிக்கொள்ளும் இல்லம், கேட்டு வைத்த உறவினர். ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். இல்லங்களிடம் ‘கொண்டு வரலாமா’ என்று கேட்டால் மரியாதைக்குச் சரி என்பார்கள். ‘இப்போது உங்களுக்கு என்ன தேவை’ என்று கேளுங்கள். பெரும்பாலும் போர்வை, பெரிய சமையல் பாத்திரம், மளிகை என்று பதில் வரும். நீங்கள் கொடுக்க நினைத்தது பழைய சுடிதாராக இருக்கும்.

5. பரண்: ஒரு முறைக்கு ஒரு சாக்கு

இப்போதுதான் ஏணி. ஒரு சாக்கு அளவுக்கு மட்டும் இறக்குங்கள். அதை முடித்து வெளியே அனுப்பிய பிறகுதான் அடுத்தது. கூடத்தில் இடம் இருந்தாலும் இறக்காதீர்கள்.

முதல் சாக்கில் யாருக்கும் பாசம் இல்லாதவை போகட்டும்: மூடியில்லாத டப்பாக்கள், நின்றுபோன கடிகாரம், சாதனங்கள் வந்த தெர்மாகோல், பெயின்ட் அடியில் காய்ந்த வாளிகள், தாம்பூலப் பைகள். அம்மாவின் புடவையில் தொடங்கினால் முதல் நாளே அழுது முடித்து ஏணியை மடக்கிவிடுவீர்கள். கைக்கு முதலில் பழக்கம் வர வேண்டும்.

6. பாத்திரங்கள்

மதுரை வீடுகளில் எடையும் மதிப்பும் சண்டையும் இருப்பது இங்கேதான். ஆகவே நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் எழுத்தைப் படியுங்கள். குடத்தின் கழுத்திலோ அண்டாவின் விளிம்பிலோ உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து இருக்கும். புளி போட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இரண்டு தலைப்பெழுத்து, ஒரு தேதி, ‘அன்பளிப்பு’ என்று அரைகுறையாக ஒரு சொல். அது யார் வைத்த செய்முறை என்று வீட்டில் வயதானவர்களைக் கேட்டு, பாத்திரத்தை அனுப்புவதற்கு முன் மொய் நோட்டில் ஏற்றிவிடுங்கள். பணமாக வந்த மொய் நோட்டில் இருக்கும். பாத்திரமாக வந்தது பல வீடுகளில் பாத்திரத்தின் மீது மட்டும்தான் எழுதப்பட்டிருக்கும். பாத்திரம் உருகினால் கணக்கும் உருகும்.

பிறகு உலோகத்தைப் பிரியுங்கள். செம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினியம், எவர்சில்வர் ஒவ்வொன்றுக்கும் தனிச் சாக்கு. கலந்து கொண்டுபோனால் எல்லாம் மலிவான உலோகத்தின் விலைக்குத்தான் போகும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. பித்தளை முலாம் பூசிய விளக்குகள் அப்படித்தான் மாட்டிக்கொள்ளும். வெண்கலத்தையும் பித்தளையையும் பிரிக்கச் சந்தேகம் வந்தால் விரல் மூட்டால் தட்டுங்கள். வெண்கலத்தின் ஓசை நீண்டு நிற்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும். வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயம், பித்தளையில் செம்போடு துத்தநாகம். செம்புக்கும் வெண்கலத்துக்கும் பொதுவாகப் பித்தளையைவிட விலை கூடும். பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது வெள்ளீயப் பூச்சு.

கழுவி, நன்றாகக் காய வைத்து, வீட்டிலேயே எடை போட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் எடை குறைந்தால் பேச ஒரு பிடி இருக்கும். அழுக்கு, பற்றவைத்த இடம், இரும்புப் பிடி என்று கழிவு பிடிப்பார்கள். இரும்புப் பிடிகளை நீங்களே கழற்றிவிட்டால் அந்தப் பேச்சு வராது.

கடையில் முதல் கேள்வி: “பணமாக வாங்கினால் கிலோ என்ன விலை?” பழையதைப் போட்டுப் புதியது எடுத்தால் கூடுதல் விலை தருவதாகச் சொல்வார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பதினைந்து கிலோ பித்தளையோடு போய், பதினைந்து கிலோ எவர்சில்வரோடு ஆட்டோவில் திரும்பி வருவதில் என்ன குறைந்தது? புதியது எடுக்காவிட்டால் என்ன விலை என்பதை இரண்டு கடைகளில் கேட்ட பிறகே சாக்கை அவிழுங்கள்.

எவ்வளவு வைத்துக்கொள்வது? வீட்டில் இருப்பவர்களோடு வாரம் ஒரு முறை வந்து சாப்பிடும் விருந்தினரைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். வருடத்தில் ஒரு நாள் ஐம்பது பேருக்குச் சமைப்பதற்காக 364 நாட்கள் அண்டாவுக்கு இடம் கொடுக்க வேண்டாம். வாடகைப் பாத்திரக் கடை எல்லாப் பகுதியிலும் இருக்கிறது. புழங்கும் ஈயச்சொம்பை மட்டும் விற்காதீர்கள். ரசம் வைக்கிறவர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

7. துணி

மூன்று குவியல் போதும்: உடுத்துவது, பிறர் உடுத்தக்கூடியது, கிழித்துப் பயன்படுத்துவது. இரண்டாவது குவியலைத் துவைத்து, பொத்தான் தைத்து, அளவு வாரியாகக் கட்டுங்கள். நீங்கள் ஒரு விருந்தாளிக்கு மாற்றுத் துணியாகக் கொடுக்கக் கூசுவதை இல்லத்துக்கும் கொடுக்காதீர்கள். நைந்த சுங்குடிப் புடவையைப் போல ஈரம் உறிஞ்சும் துணி கிடையாது, அடுப்படிக்கு நன்றாக உழைக்கும். ஆனால் நாலு புடவை போதும். கைப்பிடித் துணிக்கென்று நாற்பது புடவை சேர்த்து வைத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன்.

பட்டுப் புடவையில் கவனம் வேண்டும். அசல் ஜரிகையில் வெள்ளிக் கம்பி உண்டு. மேலே தங்க முலாம். ஓர் இழையை நகத்தால் சுரண்டினால் வெள்ளி தெரிகிறதா, செம்பு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளி என்றால், தெருவில் வந்து பிளாஸ்டிக் வாளிக்குப் பழைய துணி கேட்பவரிடம் போடாமல், ஜரிகை வாங்கும் கடையில் விலை கேளுங்கள். எரித்து வெள்ளியைத்தான் எடுப்பார்கள். புடவை புடவையாக இருக்காது என்பதை அதன் சொந்தக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இறந்துபோனவரின் துணி இருந்தால் காரியம் முடிந்த கையோடு அவசரப்படுத்தாதீர்கள். அந்த அலமாரியை வீட்டில் யார் திறக்க வேண்டுமோ அவர் திறக்கட்டும். மற்ற வேலை அதற்காக நிற்க வேண்டியதில்லை.

8. புத்தகமும் சுவடியும்

பாட நூல், வழிகாட்டி, பழைய வார இதழ் எடைக்குப் போகலாம். போட்டித் தேர்வு நூல்களில் பாடத்திட்டம் மாறியதா என்று பார்த்த பிறகே மாணவர்களுக்குக் கொடுங்கள். நாவல்களைப் பற்றி என் எண்ணம்: மறுபடி படிக்கப்போவதில்லை என்றால் வைத்துக்கொள்ள வேண்டாம். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 முதல் இயங்குகிறது. உட்கார்ந்து படிக்க அதைவிட நல்ல கூடம் உங்கள் வீட்டில் இல்லை.

ஆனால் தாத்தா காலத்துக் காகிதக் கட்டை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். விடுதலைக்கு முந்தைய தமிழ் அச்சு நூல், பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் போன்றவற்றைச் சேகரித்துக் காப்பதற்கென்றே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் இருக்கிறது. தலைப்பும் ஆண்டும் எழுதி அனுப்பிக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளும், 100 ஆண்டு தாண்டிய சிற்பம், ஐம்பொன் திருமேனி போன்றவையும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் வகையில் வரும். அவற்றைத் தெரிந்த வியாபாரி என்று யாரிடமும் தூக்கிக் கொடுக்காமல் தொல்லியல் துறையிடமோ அருங்காட்சியகத்திடமோ கேளுங்கள்.

9. மரமும் கல்லும்

தேக்கு மரச் சாமானை எடைக்குப் பேசாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் போய்ச் சும்மா பார்த்து வாருங்கள். அங்கே சொல்லும் விலை உங்களுக்குக் கிடைக்காது. எது விலைபோகும், எது விறகு என்று கண்ணுக்குத் தெரியும். அது போதும். பழைய கட்டிலில் நான்கு காலும் சட்டமும் சேர்ந்து இருந்தால்தான் விலை. ஒரு காலை வண்டியில் தொலைத்தால் மீதி மூன்றும் விறகுதான்.

ஆட்டுக்கல், அம்மி, உரல் மூன்றையும் யாரும் கேட்க மாட்டார்கள். தோட்டம் வைத்திருக்கும் உறவினர் எடுத்துக்கொள்ளலாம். அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு ‘நினைவுக்காக’ ஆட்டுக்கல்லைத் தூக்கிப்போகும் எண்ணம் இருந்தால், முதலில் நீங்கள் ஒரு முறை அதைத் தூக்கிப் பாருங்கள்.

10. மின்சாதனம், மருந்து

செல்போன், கணினியிலிருந்து உங்கள் தகவலை அழித்துவிட்டு மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், மற்றதோடு சேர்க்காதீர்கள். பழைய வகை டியூப்லைட்டில் பாதரசம் உண்டு. உடையாமல் சுற்றித் தனியாகக் கொடுங்கள். தேதி முடிந்த மாத்திரைகளை அட்டையோடு சாக்கில் எறிந்தால் குப்பை கிளறும் பிள்ளைகள் கைக்குப் போகும். பிரித்து, மண்ணோடு கலந்து, கட்டிப் போடுங்கள்.

எதையும் எரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் புகையை நீங்களும்தான் சுவாசிக்கிறீர்கள்.

11. சாமி படங்களும் புகைப்படங்களும்

இவை கடைசியில்தான் வர வேண்டும். அதற்குள் கை பழகியிருக்கும், மனமும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

உடைந்த சாமி படங்களை அரச மரத்தடியிலோ வைகைக் கரையிலோ வைத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. நாலு நாளில் கண்ணாடி நொறுங்கி நடப்பவர் காலில் ஏறும். கண்ணாடியையும் சட்டத்தையும் பிரித்து எடுங்கள். வெறும் தாளை மஞ்சள் நீரில் ஊற வைத்து, கரைந்ததைச் செடியின் வேரில் ஊற்றுங்கள். பூசாரியைக் கேட்டுச் செய்தால் வீட்டில் யாருக்கும் உறுத்தாது. குத்துவிளக்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கல்யாணமாகிப் போகும் பெண்களுக்குக் கொடுங்கள். எடைக்குப் போடும் யோசனையைச் சொல்லிப் பார்த்து அடங்கிப்போனவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

புகைப்படங்களில், படத்தில் இருப்பவர் யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் பெரியம்மா, சித்தப்பா யாராவது இருக்கும்போதே கேட்டுப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். ஒரே நிகழ்ச்சியின் இருபது படங்களில் இரண்டு போதும். மீதியை அதில் இருப்பவர்களுக்கே கொடுத்துவிடலாம். அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

12. முடிவெடுக்க முடியாதவற்றுக்குத் தவணை

எவ்வளவு பார்த்தாலும் ஒரு சாக்கு மிஞ்சும். கொடுக்கவும் மனமில்லை, எடுக்கவும் இல்லை. அதைக் கட்டி, மேலே தேதி எழுதி வையுங்கள்: இன்ன நாள் வரை. அதற்குள் தேடி அவிழ்த்தால் அந்தப் பொருள் தங்கும்; அவிழ்க்காத சாக்கு பிரிக்கப்படாமலே போகும்.

தவணை வைப்பது மனவுறுதி இல்லாதவர் வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. 1921 செப்டம்பரில் மேல மாசி வீதி வீட்டில் காந்தி அரையாடைக்கு மாறியபோது, குல்லாவையும் மேல்சட்டையையும் குறைந்தது அக்டோபர் 31 வரை விடுவதாகத்தான் சொன்னார். தவணை தாண்டியும் அவர் அவற்றைத் தேடவில்லை. பெரும்பாலான சாக்குகளுக்கும் அதுதான் நடக்கிறது. தேதி எழுதாத சாக்கு மட்டும் பரணுக்குத் திரும்பும்.

ஒரு எச்சரிக்கை: சாக்கில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதாதீர்கள். எழுதினால் தவணை நாளில் அதைப் படித்துவிட்டு அவிழ்ப்பீர்கள்.

13. மறுபடி நிரம்பாமல் பார்க்க

சாமான் நாம் வாங்குவதால் மட்டும் சேர்வதில்லை, விசேஷங்களிலிருந்து வருவதுதான் அதிகம். தாம்பூலப் பையோடு தரும் எவர்சில்வர் கிண்ணம், பிளாஸ்டிக் தட்டு, சில்வர் முலாம் போட்ட குங்குமச் சிமிழ். வேண்டாம் என்று மறுப்பது மரியாதை ஆகாது. வாங்கிக்கொண்டு வாருங்கள். வாசல் அருகில் ஒரு பை தொங்கட்டும். வந்தது அதற்குள் போகட்டும், அலமாரிக்குள் போக வேண்டாம். பை நிறைந்தால் யாருக்குக் கொடுப்பது என்று நான்காம் படியில் எழுதிய பக்கம் நோட்டில் இருக்கிறது.

உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போகும்போது ‘பாத்திரமாக வேண்டாம்’ என்று நெருங்கியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லலாம். செய்முறை செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே அவர்களுக்குச் செய்தது மொய் நோட்டில் நிலுவையாக நிற்கும். அதைத் திருப்ப அவர்களுக்கும் ஒரு வழி வேண்டும். பணமாக வைக்கட்டும், நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.